பூக்கம்பனியின் இரவு

எங்கே வேலை என்று யாராவது கேட்டால் தவராஜா, "ஒரு பூக்கம்பனியிலை" என்பார். சொன்ன கையோடு குளிரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார். பொய் சொன்னார் என்று அவரை ஒருவரும் பிடிக்க முடியாது. அங்கே வளர்வது பூதான். என்ன, கஞ்சாப் பூ.

சுவிஸ் சட்டப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. மயக்கம் தரும் சரக்கு ஒரு சதவீதத்தைத் தாண்டாத வரைக்கும் வளர்க்கலாம், விற்கலாம். எண்ணெயாகவும் தேநீராகவும் சிகரெட்டாகவும் கடையில் கிடக்கிறது. முழங்கால் வலிக்கு அதை வாங்கித் தேய்க்கிற சுவிஸ் அம்மாமாரைத் தவராஜாவே கண்டிருக்கிறார். இதையெல்லாம் அவர் தன் மனைவி தில்லைநாயகிக்கு விலாவாரியாக விளக்கியபோது, அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரியப்பா. ஆனால் இதை வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். அவருக்கும் சொல்கிற உத்தேசம் இருக்கவில்லை. முப்பது வருடத்துக்கு முன் அகதியாக வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, சலாது வெட்டி, கடைசியாக நின்ற உணவகம் கொரோனாவோடு இழுத்து மூடப்பட்ட பிறகு, ஐம்பது வயது தாண்டியவனுக்கு வேலை கொடுத்த ஒரே மனிதன் உர்ஸ். அவனிடம் இருந்தது இந்த வேலைதான். அப்போது யோசிக்க நேரம் இல்லை. வெட்கம் பிறகு ஆறுதலாக வந்து சேர்ந்தது.

வாசனைதான் பெரிய எதிரி. வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, உடுப்பு மாற்றி, காது மடலுக்குப் பின்னால்கூடச் சவர்க்காரம் போட்டுத்தான் வீடு இருக்கிற ஓஸ்டர்முண்டிகனுக்கு பஸ் ஏறுவார். அப்படியிருந்தும் பின் இருக்கைப் பொடியன்கள் மூக்கை உறிஞ்சிவிட்டு, தங்கள் கட்சி ஆளைக் கண்டதுபோல அவரைப் பார்த்து அன்போடு சிரிப்பார்கள். நெற்றியில் திருநீறோடு இருக்கிற மனிதனுக்கு இது தேவையா? அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆனால் அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர். ஊருக்கு வெளியே பழைய மரத்தளவாடப் பட்டறை ஒன்றைத்தான் உர்ஸ் வாடகைக்கு எடுத்திருந்தான். ஜன்னல் இல்லாத பெரிய அறை, கூரை முழுக்க விளக்கு, கீழே வரிசையாகச் செடி. அங்கே சூரியன் என்பது ஒரு சுவிச்சு. இரவு மின்சாரம் மலிவு என்பதால், ஊர் உறங்கும் நேரம் விளக்கெல்லாம் எரியும்; ஊர் விழித்து வேலைக்குப் போகும் நேரம் விளக்கெல்லாம் அணையும். ஆகவே செடிகளுக்குக் காலையில்தான் பொழுதுபடும். விளக்கு அணைகிற நேரம் உர்ஸ் கோப்பியும் கையுமாக வாசலில் நின்று செடிகளைப் பார்த்து ஜேர்மனில் "குட் நாக்ட்" என்று இரவு வணக்கம் சொல்வான். முதல் வாரம் தவராஜாவுக்குச் சிரிப்பாக இருந்தது. மறு மாதம் அவரே "குட் நாக்ட்" சொல்லத் தொடங்கிவிட்டார். பட்டறையில் "இரவு" என்றால் விளக்கு அணைந்த நேரம். அது காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிற இரவு.

ஆபத்தும் அந்த இரவில்தான். விளக்கு எரியும்வரை சூட்டில் காற்று காய்ந்து கிடக்கும். அணைந்ததும் சூடு சடாரென்று இறங்கும். செடியோ குடித்த தண்ணீரை இலை வழியாக விட்டுக்கொண்டே இருக்கும். சூடு குறைந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது. சமைத்துக்கொண்டிருக்கும் குசினியின் கண்ணாடி மாதிரி எல்லாம் வியர்த்துவிடும். பூ சின்னதாக இருக்கும்வரை பெரிய கேடு இல்லை. பழுத்து, கை முட்டியளவு இறுகிய பூவுக்குள் ஈரம் போய்த் தங்கினால், உள்ளுக்குள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. விரித்துப் பார்த்தால்தான் உள்ளே அழுகியிருப்பது தெரியும்.

அதற்காகவே ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று அறை மூலையில் இருந்தது. விளக்கு அணைவதற்குக் கொஞ்சம் முன்பு அதைப் போட வேண்டும், காற்றாடிகளைக் கூட்டி விட வேண்டும், மெஷின் உறிஞ்சிய தண்ணீர் சேரும் வாளியை நிரம்ப முன்பு ஊற்ற வேண்டும். வாளி நிரம்பினால் மெஷின் தானாக நின்றுவிடும். முன்பெல்லாம் அது தானாகவே ஈரம் பார்த்து ஓடும். அந்தப் பகுதி பழுதாகி, புதிது வரும்வரை கையால் போடுவதென்று வைத்திருந்தார்கள். தவராஜாவுக்கு ஈரத்தின் அளவு காட்டும் பெட்டியைப் பார்க்கும் தேவைகூட இல்லை. கதவைத் திறந்ததும் முகத்தில் படும் காற்றை வைத்தே சொல்லிவிடுவார். உர்ஸ் அவரை வருகிறவர்களுக்கு "இவர்தான் எங்கள் இரவு அதிகாரி" என்று அறிமுகப்படுத்துவான். அந்தப் பட்டத்தை அவர் வீட்டில் சொல்லவில்லை, ஆனால் பிடித்திருந்தது.

ஜெயமலர் அங்கே வந்தது புரட்டாதியில். கிளிநொச்சிப் பெண், நாற்பது வயது இருக்கும். கணவன் இல்லை. பதினான்கு வயது மகள் கோபிஷா ஊரில் ஜெயமலரின் தங்கச்சியோடு இருக்கிறாள். தற்காலிக விசாவில் இருப்பவர், அரசாங்கத்தின் உதவிக் காசில், இங்கத்தைய பேச்சில் சொன்னால் "சோசியலில்", நிற்கும்வரை பிள்ளையைக் கூப்பிட முடியாது. சொந்த உழைப்பில் நிற்க வேண்டும். அதற்குத்தான் அவளுக்கு வேலை வேண்டியிருந்தது. கோயிலில் தில்லைநாயகியிடம் அழுதாள். தில்லைநாயகி வீட்டில் தவராஜாவை அரித்தாள். தவராஜா உர்ஸிடம் கேட்டார். இப்படித்தான் அவள் பூவின் இலை கத்தரிக்கும் மேசைக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு ஜேர்மன் ஒரு சொல்லும் வராது. உர்ஸ் சொல்வதைத் தவராஜா அவளுக்கும், அவள் சொல்வதை உர்ஸுக்கும் மாற்றிச் சொல்வார்.

முதல் நாள் பூவை முகர்ந்து பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "அண்ணை, இது என்ன பூ?"

"மருந்துப் பூ" என்றார் தவராஜா.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டு, "மகளுக்கு நான் பூ வேலை எண்டு மட்டும் சொல்லுறன்" என்றாள். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

நவராத்திரி வந்தது. கோயிலில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். வெள்ளிக்கிழமை தவராஜா குடும்பத்தின் பங்கு. கோயில் செயலாளர் தம்பிராசா நல்ல மனிதர். ஆனால் எதையும் சபை நடுவில்தான் கேட்பார். "தவம், உம்மடை கம்பனியிலைதானே பூ குவிஞ்சு கிடக்கும்! இந்த முறை அம்மனுக்கு வெளியிலை பூ வாங்கிற வேலை வேண்டாம். உம்மடை பொறுப்பு, என்ன?" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சந்தோசமாகத் தலையாட்டினார்கள். தவராஜாவும் ஆட்டினார். வேறு என்ன செய்வது? உண்மையான கம்பனிப் பூவைக் கொண்டுபோய் அம்மனுக்குச் சாத்தினால் கோயில் என்ன பாடுபடும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தார்.

ஆக, வாங்க வேண்டும். பூக்கடைகளுக்குப் பூ கொடுக்கும் மொத்த வியாபாரி காலையில் மட்டும்தான் திறந்திருப்பான். அந்த வெள்ளிக்கிழமை உர்ஸும் இல்லை. பிள்ளைகளுக்கு இலையுதிர்கால விடுமுறை என்று குடும்பத்தோடு மலைக்குப் போயிருந்தான். போகும்போது, "பூ அறுவடைக்கு வந்துவிட்டது, இரவைப் பார்த்துக்கொள்" என்று சனி ஞாயிறுக்கும் சேர்த்துத் தவராஜாவிடம்தான் எல்லாவற்றையும் விட்டிருந்தான்.

தவராஜா காலையில் வந்து, காற்றாடிகளைப் பார்த்து, வாளியை ஊற்றி வைத்தார். விளக்கு அணைய இன்னும் நேரம் கிடந்தது. இப்போதே மெஷினைப் போட்டால் விளக்கின் சூட்டோடு சேர்ந்து காற்று மிதமிஞ்சிக் காய்ந்து, இலை சுருண்டுவிடும். கைமணிக்கூட்டைப் பார்த்தார். பூ வியாபாரி கதவைச் சாத்திவிடுவான். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே ஜெயமலரின் மேசைப் பக்கம் தலையை நீட்டினார்.

"பிள்ளை, நான் ஒருக்கா வெளியிலை போறன். இரவுக்கு அறை மூலையிலை நிக்கிற மெஷின்ரை சுவிச்சைப் போட்டுவிடும், என்ன?"

"ஓம் அண்ணை, போட்டுவிடுறன்" என்றாள் அவள்.

பூவோடு நேரே கோயிலுக்குப் போனவர் அன்று பட்டறைக்குத் திரும்பவில்லை. அம்மனுக்கு அன்று மஞ்சளும் வெள்ளையுமாகச் செவ்வந்தி மாலை. தம்பிராசா ஒலிவாங்கியில் தவராஜாவின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். சனிக்கிழமை விஜயதசமி. பட்டறைக்கு ஒருக்கால் போய் வாளியை ஊற்றி, மெஷினைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று காலையில் நினைத்தார். கோயிலில் ஏடு தொடக்குவதற்குப் பிள்ளைகள் வந்தார்கள், பிறகு சாப்பாடு, பிறகு கதை. மெஷின் ஓடிக்கொண்டுதானே இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் அறைக் கதவைத் திறந்தார். காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் வந்து அப்பியது. கைவிளக்கை அடித்தார். சுவர் வியர்த்து வடிந்திருந்தது. மெஷின் நின்றுபோயிருந்தது, வாளி நிரம்பித் தளும்பியது. வாளியை ஊற்றி, மெஷினைப் போட்டு, எல்லாக் காற்றாடியையும் முழு வேகத்துக்குத் திருப்பினார். பூவை விரித்துப் பார்க்கத் துணிவு வரவில்லை. வெள்ளி காலையில் ஜெயமலர் போட மறந்திருப்பாள், எப்போதோ நினைவு வந்து போட்டிருப்பாள் என்று நினைத்தார். அப்படி நினைத்தது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சனிக்கிழமை தான் வராமல் விட்டதை அந்த ஆறுதலுக்கு அடியில் தள்ளி வைத்தார்.

திங்கட்கிழமை உர்ஸ் வந்து முதலாவது பூவை விரித்தான். உள்ளே சாம்பல். இரண்டாவது, மூன்றாவது, அடுத்த வரிசை. சத்தம் போடுகிற ஆள் இல்லை அவன். விரித்த பூவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான். நான்கு மாத உழைப்பு. முழு அறையும் குப்பைப் பைக்குத்தான். பிறகு இருவரையும் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை மெஷினைப் போட்டது யார் என்று கேட்டான்.

தவராஜா ஜெயமலரிடம் தமிழில் கேட்டார். "வெள்ளிக்கிழமை மெஷின் போட்டனீரோ எண்டு கேக்கிறார்."

"ஓம் அண்ணை, போட்டனான்" என்றாள் அவள். "நீங்கள் இரவுக்குப் போடச் சொன்னனீங்கள்தானே. நான் நேரத்துக்கு வீட்டை போகாமல், நல்லா இருட்டுமட்டும் பாத்துக்கொண்டிருந்து, போட்டுட்டுத்தான் போனனான்."

இருட்டுமட்டும் இருந்திருக்கிறாள். தவராஜாவுக்குத் தலையில் யாரோ குட்டியது போல இருந்தது. இரவு! வந்து ஒரு மாதம்கூட ஆகாதவள், கத்தரிக்கும் மேசையை விட்டு அந்த அறைக்குள் வேலை செய்தே அறியாதவள். காலையில் தொடங்கும் இரவைப் பற்றி அவளுக்கு யார் சொன்னது? அவர் சொல்லவில்லை. ஊரில் உலகத்தில் எல்லோருக்கும் இரவு எதுவோ, அதுதான் அவளுக்கும் இரவு. அவர் சொன்னபடிதான் அவள் செய்திருக்கிறாள்.

உர்ஸ் தவராஜாவைப் பார்த்தான். "என்ன சொல்கிறாள்?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல இரண்டு வசனம் போதும். ஆனால் உண்மை தனியாக வராதே. ஏன் நீ போடவில்லை என்று கேட்பான். எங்கே போனாய் என்று கேட்பான். உன்னுடைய பூவை விட்டுவிட்டு நான் பூ வாங்கப் போனேன், என் சனத்துக்கு நான் செவ்வந்தி வளர்க்கிற ஆள் என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சனிக்கிழமை ஏன் வரவில்லை என்றும் கேட்பானே. இந்த வயதில் இந்த வேலையும் போனால்? தவராஜாவின் வாய் அவருக்கு முன்னே ஓடிவிட்டது.

"சீ ஹெட்ஸ் ஃபெர்கெஸ்ஸெ" என்றார். காலையில் போட அவள் மறந்துவிட்டாளாம்.

சொன்ன பிறகு அவருக்கே தாங்கவில்லை. அதனால் அவளுக்காக மன்றாடத் தொடங்கினார். பாவம், மறந்துவிட்டாள். புதியவள், மறப்பது சகஜம்தானே. ஊரில் பிள்ளை இருக்கிறது. கையை விரித்தார், நெஞ்சைத் தொட்டார், குரல் தழுதழுத்தது. ஃபெர்கெஸ்ஸெ, ஃபெர்கெஸ்ஸெ என்று எத்தனை தரம் சொன்னாரோ தெரியாது. பொய்யில் தொடங்கியதுதான், ஆனால் கண்ணீர் உண்மையாகவே வந்தது. பக்கத்தில் ஜெயமலர் கைகளைக் கட்டிக்கொண்டு, தனக்காக ஒரு மனிதன் இப்படிக் கெஞ்சுவதைப் பார்த்தபடி நின்றாள்.

உர்ஸ் கெட்டவன் அல்ல. ஆனால் அறுவடையே போய்விட்டது, அவளுக்கோ இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. அந்தக் கிழமையோடு நிற்கச் சொன்னான். தவராஜாதான் அதையும் அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அதை மட்டும் அவர் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தார்.

"ஏன் அண்ணை? நான் போட்டனான் எண்டு சொன்னனீங்களோ?" என்று கேட்டாள்.

"சொன்னனான் பிள்ளை. வெள்ளைக்காரன் கேக்கிறான் இல்லை" என்றார் தவராஜா.

அடுத்த ஞாயிறு அவள் ஒரு டப்பா நிறையப் பயற்றம் பணியாரத்தோடு வீட்டுக்கு வந்தாள். "அண்ணை எனக்காக அண்டைக்கு முதலாளிக்கு முன்னாலை அழுதவர் அக்கா. கூடப் பிறந்ததுகூட அப்பிடிக் கதைக்காது" என்று தில்லைநாயகியிடம் சொன்னாள். தில்லைநாயகி கணவனைப் பெருமையோடு பார்த்தாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடித்த பணியாரத்தைத் தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

அதன் பிறகு அவர் அவளுக்காக அலைந்தார். ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையில் இருக்கும் தில்லைநாயகியை மேலாளரிடம் கேட்க வைத்தார். தெரிந்த உணவகங்களுக்கு நேரில் போய்க் கேட்டார். எல்லா இடத்திலும் ஒரே பதில்: முதலில் பாஷை படிக்கட்டும். அலைந்த ஒவ்வொரு நாளும் சனங்களிடையே அவருடைய பெயர் இன்னும் நல்லதாகிக்கொண்டு போனது. நல்ல மனிசன், ஒரு பெண்பிள்ளைக்காக எவ்வளவு ஓடித் திரியிறார் என்றார்கள். உர்ஸிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் காரியம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு காலையும் விளக்கு அணைவதற்கு முன் அவரே மெஷினைப் போடுவார். "குட் நாக்ட்" சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார். ஏன் என்று உர்ஸ் கேட்டான், சளி என்றார்.

ஜெயமலரை நகரசபை ஜேர்மன் வகுப்புக்கு அனுப்பியது. கார்த்திகை விளக்கீட்டன்று அவள் மறுபடியும் வந்தாள். வெளியே குளிர். குசினியில் தில்லைநாயகி கொழுக்கட்டை அவித்துக்கொண்டிருந்தாள்; கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளி தெரியவில்லை. ஜெயமலர் மேசையில் இருந்து, தான் படித்ததையெல்லாம் சொல்லிக் காட்டினாள். பேர் என்ன, எங்கிருந்து வந்தேன், ரயில் எத்தனை மணிக்கு. தில்லைநாயகி சிரித்துச் சிரித்துக் கேட்டாள். தவராஜாவும் சிரித்தார்.

"அண்ணை, ஒரு விசர்க்கதை சொல்லட்டோ?" என்றாள் ஜெயமலர். "அண்டைக்கு நீங்கள் முதலாளியோடை கதைக்கேக்கை ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னனீங்கள். எனக்கு அது ஒண்டுதான் காதிலை நிண்டது. ஃபெர்கெஸ்ஸெ. நீங்கள் நெஞ்சிலை கை வைச்சுச் சொன்னபடியாலை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டதுக்குத்தான் அப்பிடிச் சொல்லுறது எண்டு நினைச்சன். பஸ்ஸிலை ஒரு கிழவற்றை காலை உழக்கிப்போட்டன். ஃபெர்கெஸ்ஸெ எண்டு சொன்னன். அந்தாள் என்னைப் பாத்த பார்வை! கடையிலை, லிஃப்டிலை, போற வாற இடமெல்லாம் நெஞ்சிலை கையை வைச்சு ஃபெர்கெஸ்ஸெ, ஃபெர்கெஸ்ஸெ."

தில்லைநாயகி வாய்விட்டுச் சிரித்தாள். ஜெயமலரும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"போன கிழமை ரீச்சர் அந்தச் சொல்லைப் பலகையிலை எழுதினவ. மறந்துபோனன் எண்டு கருத்தாம்." அவள் தவராஜாவின் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை, கேட்டு அறிந்துகொள்ளத்தான் பார்த்தாள். "நான் எதை மறந்தனான், அண்ணை?"

அறை முழுக்க ஆவி. பழக்கதோசம், தவராஜா ஜன்னலைத் திறக்க எழும்பினார்.

"இருங்கோ" என்றாள் தில்லைநாயகி. அவள் கையில் அகப்பை அப்படியே நின்றது. "அவ கேட்டதுக்குச் சொல்லிப்போட்டு எழும்புங்கோ."

அவர் இருந்தார். மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். செவ்வந்தியிலிருந்து தொடங்கினார். இரவு என்றால் என்ன என்று சொன்னார். வாளியைச் சொன்னார், சனிக்கிழமையைச் சொன்னார். "நீர் ஒண்டும் மறக்கேல்லை பிள்ளை. நான் சொன்னபடிதான் செய்தனீர். பிழை முழுக்க என்ரை. என்ரை பிழையை உம்மடை பேரிலை மாத்திச் சொல்லிப்போட்டன்." சொல்லி முடித்து நிமிர்ந்தபோது தில்லைநாயகி அடுப்பை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். அந்த முதுகைப் பார்க்க அவருக்கு முடியவில்லை.

"வேலை போன அண்டைக்கு ராத்திரியே மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னனான்" என்றாள் ஜெயமலர். "அம்மா என்ன பிழை விட்டனீங்கள் எண்டு கேட்டவள். எனக்குத் தெரியேல்லை."

"நாளைக்கே உர்ஸிட்டைப் போய்ச் சொல்லுறன்" என்றார் தவராஜா. "வேலை போனால் போகட்டும்."

"நானும் வாறன்."

"நீர் ஏன் பிள்ளை அலையிறீர்? நானே எல்லாத்தையும் சொல்லுறன்."

"இல்லை அண்ணை, நானும் வாறன்" என்றாள் அவள். பிறகு கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப்போட்டாள். "அவருக்குச் சொல்லப்போறதை இப்ப ஒருக்கா ஜேர்மனிலை சொல்லுங்கோ. ஆறுதலாச் சொல்லுங்கோ. இப்ப எனக்குக் கொஞ்சம் விளங்கும்."